ஊதாத் துணிக்குள் ஷரோன்

எங்கள் சீமோன் அத்தான் தினமும் காலை ஏழு மணிக்குத் தன் மகளைச் செய்யத் தொடங்குவார். ‘செய்வது’ என்பது அவருடைய சொல்தான். பல்கனிக் கதவுக்கு எதிரே சாப்பாட்டு மேசைக் கதிரை ஒன்றை இழுத்துப் போட்டு, முதுகை நிமிர்த்தி, கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருப்பார். முதலில் ஒரு பூ. பூவின் மேல் நிலவு போல ஒரு வட்டம். அந்த வட்டத்தின் மேல் இரண்டு பாதங்கள். அப்படியே மேலே ஏறி எட்டு மணியளவில் முகத்துக்கு வருவார். நான் பாணும் சம்பலும் கொண்டுவந்து மேசையில் வைக்கும் நேரம் அநேகமாகக் கழுத்தில் நிற்பார். அப்போது பேசக்கூடாது. பேசினால் கழுத்து கலைந்துவிடுமாம்.

நான் பேர்ணடெற், அத்தானுடைய காலஞ்சென்ற மனைவி கிளடிஸின் தங்கை. அஜின்கோர்ட்டில் ஒரே கட்டடத்தில் ஒன்பதாம் மாடியில் அவர், ஆறாம் மாடியில் நான். சாப்பாட்டுக் கடையொன்றில் றோல்ஸ் சுற்றுவது என் வேலை. பதினொரு மணிக்குப் போனால் போதும் என்பதால் அதற்கு முதல் இந்த மனிதரைப் பார்த்துவிட்டுப் போவேன். பார்ப்பது என்றால் பாதி நேரம் ஏசுவதுதான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அத்தானைக் கிண்டல் பண்ண மச்சாளுக்கு உரிமை உண்டு. முன்பெல்லாம் அவரும் திருப்பிக் கொடுப்பார். இப்போது கொடுப்பதில்லை. எனக்கு ஆத்திரமே அதில்தான்.

அவரைப் பெரிய மனிதர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மன்னார் பேசாலையில் பிறந்து, முப்பது வயதில் இந்தக் குளிர்நாட்டுக்கு வந்து, இருபத்தாறு வருடம் ரெக்ஸ்டேலில் ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓடியவர். ஒரு பெட்டியைக்கூடக் கீழே விழுத்தியதில்லை என்பது அவருடைய பெருமை. ஞாயிறு பூசை தவறமாட்டார். சம்பளத்தைக் கிளடிஸ் அக்காவின் கையில் கொடுத்துவிட்டுத் தேத்தண்ணிக்குக் காத்திருக்கிற வகை மனிதர். ஒரே பிள்ளை ஷரோன். அவள் பட்டம் வாங்கிய அன்றைக்கு மண்டபத்தில் எல்லாரும் கைதட்டி முடித்த பிறகும் இவர் தட்டிக்கொண்டே இருந்தார். நான் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

பெருந்தொற்றுக்கு முந்திய குளிர்காலத்தில் அக்கா புற்றுநோயில் போனா. போவதற்கு மூன்று மாதங்களுக்கு முன், தனக்கு நினைவு தப்பினால் வைத்தியத்தைப் பற்றிய முடிவுகளை ஷரோன் எடுக்கலாம் என்று முறைப்படி எழுதிக் கொடுத்திருந்தா. அதை எனக்குச் சொன்னது சமையலறையில், கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது.

“உன்ர அத்தானால ஏலாதடி. என்னை மெசினில கட்டி வச்சுக்கொண்டு செபமாலை சொல்லிக்கொண்டிருப்பார். பிள்ளைட்டச் சொல்லிப்போட்டன், இழுத்தடிக்க வேண்டாம் எண்டு. அவருக்குச் சொல்லிப்போடாதை, உடைஞ்சு போவார்.”

நான் சொல்லவில்லை. நிமோனியா வந்து அக்காவை மூச்சு மெசினில் போட்டார்கள். பதினோராம் நாள் ஷரோன் டொக்டர்மாரிடம் போதும் என்று சொன்னாள். மெசினை எடுத்து நாற்பது நிமிடத்தில் அக்கா போய்விட்டா. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்று அத்தான் மகளைப் பார்த்து, “கொலைகாரி. இனி என்ர முகத்தில முழியாதை” என்று கத்தினார். அவளுக்கு அப்போது இருபத்துநான்கு வயது. நான் பக்கத்தில்தான் நின்றேன். ‘அக்காதான் கேட்டவ’ என்று இரண்டு சொல் சொல்லியிருந்தால் போதும். ஊருக்கெல்லாம் வாய் காட்டுகிற நான் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு நின்றேன். தெரிந்தும் சொல்லாமல் இருந்தாயே என்று என்மேலும் பாய்வார் என்ற பயம். வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல.

அடக்கம் முடிந்த கிழமையே ஷரோன் விமானத்தில் நான்கு மணித்தியாலத் தூரத்திலிருக்கும் கல்கரிக்குப் போய்விட்டாள். எனக்கு மட்டும் இடைக்கிடை ஃபோன் எடுப்பாள். அப்பாவைப் பற்றிக் கேட்க மாட்டாள். நானாகச் சொன்னால் கேட்டுக்கொண்டிருப்பாள்.

அத்தானுக்குக் கண்ணில் அழுத்தம் என்று முன்பே கண்டுபிடித்திருந்தார்கள். காலையும் மாலையும் இரண்டு சொட்டு மருந்து. அதை விடுவது அக்காவின் வேலை. இவர் தலையை நிமிர்த்திக்கொண்டு நிற்பார், அக்கா இமையை இழுத்துப் பிடித்து விடுவா. அக்கா போன பிறகு மருந்துச் சீசா குளிர்பெட்டிக் கதவிலேயே இருந்தது. ஒரு வருடத்துக்கு மேல் அவர் அதைத் தொடவே இல்லை. என்னைக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அந்த நோய் ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வருமாம், நடுவில் தெரிகிறவரைக்கும் ஆளுக்கே தெரியாதாம். ஒருநாள் களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட்டைக் கொண்டுபோய் சாமான் அடுக்கும் இரும்புத் தட்டில் இடித்து ஒரு வரிசைப் பெட்டிகளையே சரித்துவிட்டார். பரிசோதித்த டொக்டர் போனது போனதுதான் என்றார். மிச்சமிருப்பதும் மூன்று நான்கு வருடத்தில் போய்விடும் என்றார்.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் என்னிடம் அவர் சொன்ன வசனம் இன்னும் காதில் இருக்கிறது.

“இனி அவள் வந்தாலும் எனக்குத் தெரியாது, பேர்ணடெற்.”

அப்படியானால் இப்போதே கூப்பிடுங்கோ என்றேன். மாட்டேன் என்று தலையாட்டினார். அவள் செய்ததை மன்னிக்கவும் முடியவில்லை, அவள் முகம் இல்லாமல் இருக்கவும் முடியவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் லொப்சாங் வந்தான்.

லொப்சாங் அவரோடு களஞ்சியத்தில் வேலை செய்த திபெத்தியன். நாற்பத்தைந்து வயதிருக்கும். கர்நாடகத்தில் அகதிக் குடியிருப்பில் பிறந்து, சின்ன வயதில் மடத்தில் இருந்து, பிறகு துறவை விட்டவன். பனிக்காலங்களில் கோயம்புத்தூருக்குப் போய் நடைபாதையில் சுவெட்டர் விற்றதால் தமிழ் தெரியும். அவனுடைய தமிழைக் கேட்டால் இந்தியாக்காரர் யாரோ கதைக்கிறார்கள் என்று திரும்பிப் பார்ப்போம். அத்தான் வேலையை விட்ட பிறகும் சனிக்கிழமைகளில் மாவுருண்டைக்குள் இறைச்சி வைத்து அவித்த சாப்பாட்டோடு வருவான். அவனிடம் இவர் ஒருநாள் கேட்டிருக்கிறார், கண்ணில்லாமல் ஒரு முகத்தைப் பார்க்க உங்கள் சமயத்தில் வழி ஏதும் உண்டோ என்று.

எனக்கு அது பிடிக்கவே இல்லை. எங்கள் ஊர்ப்பக்கத்தில் புத்தர் என்றால் ஆமிக் காம்ப் வாசலில் அரசமரத்தடியில் இருக்கிறவர். “கடைசியில அவரிட்டயே போயிட்டியளோ அத்தான்?” என்று லொப்சாங்கின் முகத்துக்கு நேரேயே கேட்டேன். அவன் கோபப்படவில்லை.

“அக்கா, எங்க ஊரையும் ஆமிதான் எடுத்துச்சு. அந்த ஆமி பக்கம் புத்தரே இல்ல” என்றான்.

அவன் சொல்லிக் கொடுத்ததை அடுப்படியில் நின்று கேட்டேன். பெரிய தேவதைகளைத் தியானிக்க லாமாவிடம் அனுமதி வாங்க வேண்டும், ஆனால் சும்மா புத்தரை முன்னால் வைத்துப் பார்க்க யாருக்கும் தடையில்லை என்றான். கை நீட்டும் தூரத்தில், புருவ உயரத்தில் தாமரை. தாமரையில் நிலாத் தட்டு. அதன்மேல் ஒளியால் ஆன உருவம்.

“கல்லு மாதிரி வேண்டாம் அண்ணா. களிமண்ணு மாதிரியும் வேண்டாம். வானவில்லு மாதிரி, கை வெச்சா உள்ள போயிடணும். முதல்ல சும்மா ஒரு மஞ்சள் தெரிஞ்சாலே போதும். அவசரப்படாதீங்க.”

“புத்தரைத்தான் வைக்க வேணுமோ?”

“உங்க மாதாவை வெச்சுக்கோங்க. ஆனா ஒண்ணு, கடைசியில கரைச்சிடணும். ஓரத்திலிருந்து உள்ள, உள்ள, ஒரு புள்ளி வரைக்கும். அப்புறம் அந்தப் புள்ளியும் இல்ல. ஒண்ணுமே இல்லாம கொஞ்ச நேரம் உக்காருங்க. அதுதான் முக்கியம். கட்டுறது பாதி, கரைக்கிறது பாதி.”

மாதா இரண்டு கிழமைதான் இருந்தா. மூன்றாவது கிழமை மாதாவின் முக்காட்டுக்குள் ஷரோன் நின்றாளாம். அதற்குப் பிறகு முக்காட்டையும் எடுத்துவிட்டார்.

கண்ணில் மிச்சமிருந்த சின்ன வட்டத்தால் ஷரோனின் பட்டமளிப்புப் படத்தைப் படிக்கத் தொடங்கினார். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒருநாள் முழுக்க இடது புருவம், அடுத்த நாள் மூக்கின் நுனி. நீல அங்கி, தோளில் முன்பக்கமாக விழுந்த நீளமான தலைமுடி, காதில் முத்துத்தோடு. பரீட்சைக்குப் படிக்கிறவர் போல உதடு அசையும். சுவரில் அக்காவின் படமும் இருக்கிறது, மாலையும் சின்ன மின்விளக்கும் போட்டது. “அக்காவையும் ஒருக்காப் படியுங்கோவன்” என்று பகிடியாகத்தான் சொன்னேன்.

“கிளடிஸை நான் மறப்பனே? முப்பது வருசம் பார்த்த முகம். உது தானா நிக்கும்” என்றார்.

ஒரு சிக்கல் வந்தது. பாதத்திலிருந்து தொடங்க வேண்டும், படம் இடுப்போடு முடிகிறது. “அண்டைக்கு அவள் என்ன சப்பாத்துப் போட்டவள்?” என்று கேட்டார். எனக்கு எங்கே ஞாபகம்? ஆனால் அந்த முகத்தைப் பார்த்துத் தெரியாது என்று சொல்ல மனம் வரவில்லை. “கறுப்பு. குதி உயர்ந்தது” என்றேன். அவர் சந்தோசப்பட்டார். அன்றிலிருந்து தினமும் காலை அந்தக் கறுப்புச் சப்பாத்தில் ஷரோன் ஏறி நின்றாள்.

போன வருடம் இளவேனிலில் கடைசி வெளிச்சமும் போனது. நான்தான் அழுதேன், அவர் அழவில்லை. “எனக்கு அவள் தெரியிறாள். மணி மாதிரித் தெரியிறாள்” என்றார். உண்மையைச் சொல்கிறேன், அந்த நாட்களில் நான் அந்தத் திபெத்தியனுக்கு நன்றி சொன்னேன்.

இந்த வருடத் தவக்காலத்தில்தான் விசயம் தெரிந்தது. கோயிலில் மாதா, புனிதர் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடியிருந்தார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தவர், “மூடியாச்சோ?” என்று கேட்டார். ஓம் என்றேன். வரும் வழியில் பஸ்சில் வைத்துச் சொன்னார். சின்ன வயதில் பேசாலைக் கோயிலில் சுரூபங்களுக்குத் துணி கட்டுகிற வேலை அவர்களுடைய வீட்டுக்கு உரியதாம். உயிர்ப்புத் திருநாளுக்குத் துணியை அவிழ்க்கும்போது மாதா விட்டபடியே நிற்பாவாம். அதைத்தான் ஷரோனுக்கும் செய்கிறாராம். எட்டரை மணிக்கு எழும்புவதற்கு முன் அவளை ஊதாத் துணியால் மூடி, கழுத்தடியில் ஒரு முடிச்சு. அடுத்த நாள் துணியை மட்டும் எடுத்துவிட்டு, பூவிலிருந்து முகம்வரை ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பது.

“கரைக்கேல்லையோ?”

“பிள்ளையை எப்பிடிக் கரைக்கிறது? திரும்பி வராட்டி?”

ஒருநாள்கூடக் கரைத்ததில்லை. நான்கு வருடம். அந்தச் சனிக்கிழமை லொப்சாங்கிடம் நானே சொன்னேன். அவன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமல் அப்படியே வைத்தான்.

“அண்ணா, நான் சொன்னேனே. கரைக்கலேன்னா அது கல்லாயிடும். நாமதான் செஞ்சோம்கிறது மறந்துடும்.”

போகும்போது கதவடியில் அவன் என்னிடம், “அக்கா, நிஜப் பொண்ணு இருக்கில்ல? அதைக் கூட்டிட்டு வாங்க. இது போதும்” என்றான்.

இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் காலை, அவர் துணியைக் கட்டி முடித்து எழும்பும் வரை காத்திருந்து, கீரை ஆய்ந்த கதையைச் சொன்னேன். அக்காவின் ஒவ்வொரு சொல்லையும் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன், ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பாணைச் சம்பலில் தொட்டுத் தொட்டு ஒரு வாய்கூட வைக்காமல் பிய்த்துக்கொண்டே இருந்தார். ஒரு கிழமை கழித்து, “அவளை வரச் சொல்லு” என்றார்.

ஷரோன் ஓகஸ்டில் வந்தாள். விமான நிலையத்தில் கதவு திறந்து சனம் வந்துகொண்டிருந்தது. கூட்டத்துக்குள் என் அக்கா நடந்து வந்தா. முப்பது வயதில் ஷரோன் அப்படியே தன் தாயாகவே மாறியிருந்தாள். கன்னம் ஒட்டி, நெற்றி ஏறி, தலைமுடியைக் கழுத்தோடு வெட்டி, அக்காவின் அதே சலித்த சிரிப்போடு வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள்.

வீட்டில் அத்தான் சவரம் செய்து, வெள்ளைச் சேட்டுப் போட்டு, அதே கதிரையில் இருந்தார். அவள் அவருக்கு முன்னால் முழங்காலில் இருந்தாள்.

“அப்பா, இட்ஸ் மீ. நான்தான்.”

“ஓம், குரல் தெரியுது” என்றார்.

அவள் அவருடைய கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்தாள். அந்தக் கை நெற்றியில் தொடங்கி மெல்ல இறங்கியது. கண்ணாடிச் சட்டத்தில் முட்டி நின்றது. அதைத் தாண்டிக் கன்னத்துக்கு வந்தது. பிறகு பக்கவாட்டில் போய்த் தலைமுடியைத் தேடியது, தோளில், முன்பக்கத்தில். அங்கே இல்லை. பஸ்சில் தெரியாமல் யாரிலோ பட்டுவிட்டால் எடுப்போமே, அப்படிக் கையை எடுத்தார். இங்கிலீசில் “சொறி” என்றார்.

பெற்ற மகளுக்குச் சொன்ன சொல் அது. பழையதுக்கு மன்னிப்பாகச் சொன்னதாக இருக்கும் என்று நான் அவளைத் தேற்றப் பார்த்தேன். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். அவளுக்கு விளங்கிவிட்டது.

நான்கு நாள் இருந்தாள். அவரும் முயற்சி செய்யாமல் இல்லை. “அம்மாதான் கேட்டவவாம். சித்தி சொன்னவ. எனக்குத் தெரியாது பிள்ளை” என்றார். “இட்ஸ் ஓகே அப்பா” என்றாள். ஆறு வருடம் காத்திருந்த பேச்சு அவ்வளவில் முடிந்தது. அவள் பேசப் பேச அவர் முகத்தைக் கொஞ்சம் உயர்த்தி, அவளுக்கு மேலே, புருவ உயரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருப்பார். மூன்றாம் நாள் அவள் பொறுக்க முடியாமல் கேட்டாள்.

“அப்பா, இப்ப என்ன பார்க்கிறீங்கள்? டெல் மீ.”

அவர் முகம் மலர்ந்தது. அடியிலிருந்து சொல்லிக்கொண்டு போனார். கறுப்புச் சப்பாத்து, குதி உயர்ந்தது. நீல அங்கி. முத்துத்தோடு.

“அண்டைக்கு நான் வெள்ளை ரனிங் ஷூஸ் அப்பா. ஹீல்ஸ் கடிச்சுது எண்டு காரிலயே கழட்டிப்போட்டன்.”

“இல்லைப் பிள்ளை. கறுப்பு.”

“அப்பா, மை ஓன் ஷூஸ்.”

“கறுப்பு. எனக்குத் தெரியுதெல்லோ?”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். சப்பாத்துக்குக் கறுப்புப் பூசியது நான்தான் என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் இல்லை. அடுப்பில் கறி அடிப்பிடிக்கிற மாதிரி உள்ளே போய்விட்டேன். இரண்டாம் தரமும் நான் சொல்லவில்லை.

அவள் போன பிறகு வந்த சனிக்கிழமை லொப்சாங் அவருக்குப் பக்கத்தில் இன்னொரு கதிரையைப் போட்டு இருந்தான். கரைக்கச் சொன்னான். ஓரத்திலிருந்து மெல்ல, மெல்ல. ஒரு மணித்தியாலம் போனது. அத்தானின் சேட்டு வியர்த்து முதுகில் ஒட்டிவிட்டது. “சப்பாத்துக்கூடக் கரையுதில்லை” என்றார். லொப்சாங் எழுந்து, இது தன் பிழை, லாமாவைக் கேட்காமல் சொல்லிக் கொடுத்திருக்கக்கூடாது என்றான். அதற்குப் பிறகு அவன் சனிக்கிழமைகளில் வருவது குறைந்துவிட்டது.

போன கிழமை காலை நான் போனபோது அவர் எட்டு மணிக்கு முன்பே எழும்பியிருந்தார். புதிய முகத்தை வைத்துப் பார்த்தாராம். வெட்டிய தலைமுடி, கண்ணாடிச் சட்டம், ஒட்டிய கன்னம் என்று கைபட்ட இடங்களெல்லாம் தனித்தனியாக வந்ததாம், முகமாகச் சேரவில்லையாம். எனக்குப் பாவமாக இருந்தது. ஒரு நல்ல சேதி சொல்லுகிறேன் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

“அத்தான், கஷ்டப்பட வேண்டாம். ஷரோன் இப்ப அச்சொட்டாக் கிளடிஸ் அக்காதான். அக்காவை நினையுங்கோ, அவள் வந்திடுவாள்.”

அவர் கதிரைக்குத் திரும்பினார். முதுகை நிமிர்த்தி இருந்தார். நான் ரீ போட்டேன். பால் பொங்கி, சீனி போட்டு, ஆற்றி முடித்து வந்தபோதும் அவர் அப்படியே இருந்தார். வாய் மட்டும் கொஞ்சம் திறந்திருந்தது.

“பேர்ணடெற், கிளடிஸ் எப்பிடி இருந்தவள்?”

“பகிடி விடாதேங்கோ.”

“இல்லை. வருதில்லை. எந்தப் பக்கத்தால போனாலும் அங்க பிள்ளைதான் நிக்கிறாள்.”

சுவரில் மாலைக்குள் அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தா. மூக்கைச் சொல்லலாம் என்று தொடங்கினேன். மூக்கு ஒரு மூக்கு மாதிரித்தான் இருந்தது. கண்ணைச் சொல்லப் பார்த்தேன், சொல் வரவில்லை. கடைசியில் தெரிந்த ஒன்றைச் சொன்னேன்.

“ஷரோனைப் போல அத்தான்.”

அவர் தலையை என் பக்கம் திருப்பினார்.

“எந்த ஷரோன்?”

ரீக்கோப்பையை அவருடைய இரண்டு கைக்குள்ளும் வைத்து, அவர் நன்றாகப் பிடிக்கும் வரை விடாமல் நின்றேன்.